செயினுக்கு ஆயில் வரவில்லையா? பம்ப்பை மாற்றும் முன் பாரிலிருந்து டேங்க் வரை பாருங்கள்

பெட்ரோல் செயின் சாவில் செயினுக்கு ஆயில் நின்றுவிட்டால் முதலில் காதில் விழுவது "பம்ப் போச்சு, மாத்திடுங்க" என்பதுதான். பம்ப் போவதும் உண்டு. ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். பாரில் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள சின்னத் துளை தூளால் அடைத்திருந்தாலும், டேங்க்குக்குள் காற்று போகும் வழி மூடியிருந்தாலும், உள்ளே கிடக்கும் ஹோஸ் கீறியிருந்தாலும் வெளியே தெரிவது ஒன்றேதான்: செயின் காய்ந்து ஓடும். அதனால் ஆயில் வெளியே வரும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி டேங்க் வரை தேடிக்கொண்டு போக வேண்டும். செலவில்லாத வேலைகள் எல்லாம் அந்த வரிசையில் முன்னால் வந்துவிடும். கிளட்ச்சைக் கழற்றும் வேலை கடைசியில்தான் வரும், பல நேரம் வராமலே முடிந்துவிடும்.

கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கம் தோப்புகளில் அதிகம் ஓடுவது 52 சி.சி., 58 சி.சி. சீன மாடல்கள். அடுத்து ஸ்டில், ஹஸ்க்வர்னா. இங்கே சொல்வது இவை மூன்றுக்கும் பொருந்தும். மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

ஆயில் போகும் வழி

டேங்க்குக்குள் ஒரு ரப்பர் ஹோஸ், அதன் நுனியில் ஒரு சின்ன ஃபில்டர். ஹோஸ் பம்ப்பில் போய்ச் சேரும். பம்ப்பிலிருந்து வரும் ஆயில், பார் உட்காரும் இடத்தில் உள்ள ஒரு துளை அல்லது நீள்பள்ளம் வழியாக வெளியே வரும். அதற்கு நேரெதிரே பாரின் அடியில் 2, 3 மி.மீ. அகலத்தில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே ஆயில் பாரின் பள்ளத்துக்குள் இறங்க, செயினின் அடிப்பல் அதை வழித்துக்கொண்டு நுனி வரை போகும்.

பம்ப்பை ஓட்டுவது கிரேங்க்கின் மேல் செருகியிருக்கும் வார்ம் கியர், திருகு மரை போலப் பல் வெட்டிய சின்ன உருளை. ஸ்டில் சின்ன மாடல்களிலும் சீன 52, 58-லும் இந்த வார்மில் ஒரு கம்பிக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அது கிளட்ச் டிரம்மில் உள்ள வெட்டில் மாட்டிக்கொள்ளும். டிரம் சுற்றினால்தான் வார்ம் சுற்றும், வார்ம் சுற்றினால்தான் ஆயில் வரும். ஆகவே ஐடிலில், செயின் நிற்கும்போது ஆயில் வராதது கோளாறு அல்ல. சில பெரிய, பழைய மாடல்களில் வார்ம் நேராக கிரேங்க்கில் மாட்டியிருப்பதால் ஐடிலிலும் ஆயில் வரும்.

வார்ம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பம்ப்பின் கியர் ஒரே ஒரு பல்தான் நகரும். பம்ப் அவ்வளவு நிதானமாக ஓடும் பொருள். சொட்டுச் சொட்டாகத்தான் தள்ளும். பீய்ச்சி அடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

முதலில் ஒரு சோதனை. டேங்க்கில் ஆயில் இருக்கட்டும். தரையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியையோ வெள்ளைச் சாக்கையோ விரியுங்கள். பார் நுனியை அதற்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, முக்கால் ஆக்சிலேட்டரில் அரை நிமிடம் ஓட்டுங்கள். செயின் தரையில் படக்கூடாது. மணலில் ஒரு தடவை பட்டாலே முனை போய்விடும். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழுந்தால் ஆயில் வருகிறது என்று பொருள். கோடு விழவில்லை என்றால், அல்லது நாலைந்து புள்ளியோடு நின்றுவிட்டால், தொடர்ந்து படியுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 58 சி.சி. மெஷினில் பெட்ரோல் டேங்க் ஏறக்குறைய 550 மி.லி., ஆயில் டேங்க் 260 மி.லி. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்க் அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும், ஆனால் முழுக்கக் காலியாகியிருக்கக் கூடாது. எல்லாக் கம்பெனியும் இந்தக் கணக்கில்தான் டேங்க் போடுகிறார்கள். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் பாதிக்கு மேல் நின்றால் ஓட்டம் குறைந்துவிட்டது. முழுக்க நிற்பதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது, பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. பெட்ரோல் ஊற்றும்போது கூடவே ஆயிலையும் ரொப்பிவிடுகிறோம், எவ்வளவு மிச்சமிருந்தது என்று பார்ப்பதில்லை.

பார் நுனியில் புகை, பாரின் ஓரம் நீலம் பூப்பது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செயின் தொய்ந்துபோவது, அறுத்த முகத்தில் கருப்பாகத் தீய்ந்த தடம் ஆகியவை அதற்கு அடுத்த கட்டம். நீலம் பூத்த பிறகு பாரின் அந்த இடம் கடினம் இழந்து சீக்கிரம் தேயும். சிறிதளவு என்றால் பயன்படுத்தலாம், நுனி ஸ்ப்ராக்கெட் பக்கம் முழுக்க நீலம் என்றால் பாரை மாற்றுவதே லாபம்.

பாரைக் கழற்றுதல்

பிளக் கேப்பை உருவிவிட்டுத்தான் செயினில் கை வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள், மெஷினைச் சாய்த்துப் போட்டு வேலை செய்யும்போது ஒழுகாது.

சீன 52, 58-லும் ஹஸ்க்வர்னாவின் பல மாடல்களிலும் பிரேக் பட்டை பக்கக் கவருக்குள் இருக்கிறது. கவரைக் கழற்றும் முன் பிரேக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து விடுவித்துவிடுங்கள். பிரேக் விழுந்த நிலையில் கவரை எடுத்தால் பட்டை சுருங்கி நின்றுவிடும். திரும்ப மாட்டும்போது டிரம் உள்ளே போகவே போகாது, அதைச் சுத்தியலால் தட்டி உடைத்தவர்கள் உண்டு.

பார் நட்டை எடுத்துக் கவரைத் திறந்ததும் உடனே துடைத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் பாருங்கள். பார் உட்காரும் இடம் முழுக்கக் காய்ந்த தூள் கெட்டியாகப் படிந்திருந்தால் ஆயில் அங்கே வரவே இல்லை, கோளாறு உள்ளே. தூள் ஆயிலில் ஊறிச் சேறாக இருந்தால் பம்ப் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, பார்தான் வாங்கவில்லை. அடியில் எங்கோ ஆயில் தேங்கி, துளை அருகே மட்டும் காய்ந்திருந்தால் வழியில் கசிவு. துடைத்துவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

இப்போது பாரை எடுங்கள். அடியில் இரண்டு அளவில் துளைகள் இருக்கும். பெரியது செயினை இறுக்கும் முளை உட்காரும் துளை, சின்னதுதான் ஆயில் துளை. பாரைத் தலைகீழாக மாற்றிப் போட வசதியாக மேலும் கீழுமாக ஒரே மாதிரி இருக்கும், நான்கையும் பாருங்கள். சைக்கிள் ஸ்போக் கம்பியோ மெல்லிய இரும்புக் கம்பியோ விட்டு ஆயில் துளையைக் குத்துங்கள். கம்பி மறுபக்கம் பாரின் பள்ளத்துக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். பிறகு பள்ளம் முழுவதையும் பழைய ஹேக்சா பிளேடால் அடியிலிருந்து நுனி வரை வழியுங்கள். தூள் கெட்டித்துக் குச்சி குச்சியாக வரும். நுனியிலிருந்து அடி நோக்கி வழித்தால் அந்தத் தூள் ஆயில் துளையிலேயே போய் அடைக்கும், திசையைக் கவனியுங்கள்.

நம் பக்கத்து மரங்கள் செய்யும் வேலை தனி. கடற்கரையோரச் சவுக்கில் அடிமரப் பட்டைக்குள் மணல் ஏறியிருக்கும். அது செயினை மழுக்கும், மழுங்கிய செயின் சீவலாக எடுக்காமல் மாவு போல அரைக்கும், அந்த மாவுதான் பள்ளத்தை அடைக்கும். பலா அறுத்தால் பலாப்பால் தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். பெட்ரோலில் கழுவினாலும் லேசில் அசையாது. தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டால் இளகி வரும். முந்திரிப் பிசினை வெந்நீரில் ஊறவிட்டு வழிக்கலாம். தென்னையில் நார் வெளியே பறக்காமல் டிரம்முக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும். அதைப் பற்றிக் கீழே.

வாங்கிய நாளிலிருந்தே ஆயில் சரியாக வரவில்லை என்றாலோ, பாரை மாற்றிய பிறகு நின்றுவிட்டது என்றாலோ, பாரின் துளையும் மெஷினில் உள்ள வழியும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டட்டில் மாட்டுகிறது என்பதற்காக வேறு மாடல் பாரைப் போட்டால் துளை நாலைந்து மி.மீ. தள்ளி நிற்கும், ஆயில் வெளியே வழிந்து வீணாகும். மெஷினுக்கும் பாருக்கும் நடுவில் வரும் மெல்லிய உள் தகடும் அப்படித்தான். அதைத் தலைகீழாகப் போட்டாலோ போடாமல் விட்டாலோ இதே கதி.

பார் இல்லாமல் ஒரு ஓட்டம்

பாரையும் செயினையும் வெளியே வைத்துவிட்டு, மெஷினின் ஆயில் துளையையும் சுற்றியுள்ள இடத்தையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். பெட்ரோல் கொஞ்சம் ஊற்றிக் கிளப்பி, பாதி ஆக்சிலேட்டரில் பதினைந்து, இருபது விநாடி ஓட்டுங்கள். கவர் இல்லாமல் டிரம் வெறுமனே சுற்றும். கையோ துணியோ லுங்கி முனையோ அருகில் போகக் கூடாது. சுமை இல்லாத எஞ்சினை முழு ஆக்சிலேட்டரில் கத்தவிடாதீர்கள்.

துளையில் ஆயில் ஊறி வழிந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, கோளாறு பாரில் இருந்தது, வேலை முடிந்தது. எதுவுமே வரவில்லை என்றால் டேங்க் மூடியை அரைச் சுற்று தளர்த்திவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தளர்த்தும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தாலோ, தளர்த்திய பிறகு ஆயில் வந்தாலோ, காற்று வழி அடைத்திருக்கிறது. ஆயில் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்க்கில் வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். "கிளப்பினதும் நல்லா வருது, பத்து நிமிஷத்துல நின்னுடுது" என்கிற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காற்று வழி சில மாடல்களில் மூடியிலேயே இருக்கும். பலவற்றில் கிளட்ச் பக்கம் டேங்க் சுவரில் பட்டாணி அளவு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வால்வாகப் பதிந்திருக்கும். வெளிப்பக்கத் தூளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். உள்ளே இருக்கும் உதடு கிழிந்தால் பிறகு ஆயில் அதன் வழியே கசியும். சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் வால்வை மாற்றிவிடுங்கள், விலை சொற்பம்.

டேங்க்குக்குள்

ஆயிலை ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். அடியில் மணலோ தூளோ நூல் பிசிறோ தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மூடியைச் சுற்றித் துடைக்காமல் திறப்பதால் வரும் வினை அது.

ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து வாய் வழியே விட்டு ஹோஸை மெதுவாக வெளியே இழுங்கள். கூர்மையான முனை வேண்டாம், ஹோஸில் கீறல் விழும். நுனி ஃபில்டரை எடுத்து டீசலிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசிக் காயவிடுங்கள். அழுத்தினாலும் கருப்பு போகாத ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். ரப்பர் ஹோஸைப் பெட்ரோலில் ஊறப்போடக் கூடாது, ஊதிப் பெருத்து நிப்பிளில் நிற்காது.

ஹோஸை விரலால் மடக்கி நீளம் முழுக்கப் பாருங்கள். கீறல் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் இருக்கும்: ஃபில்டர் செருகும் முனையில், டேங்க் சுவரைத் துளைத்து வெளியே வரும் கழுத்தில். சின்னக் கீறல் போதும், பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். டேங்க் நிறைய இருக்கும்போது வருகிறது, பாதியானதும் நின்றுவிடுகிறது என்றால் கீறல் நடுமட்டத்தில் இருக்கிறது. மெஷினைச் சாய்த்தால் மட்டும் நிற்கிறது என்றால் ஃபில்டர் கழன்று ஹோஸ் மேலே மிதக்கிறது. டேப் சுற்றி ஒட்டுவது ஆயிலில் ஒரு நாள் கூட நிற்காது. ஹோஸை மாற்றுங்கள்.

கிளட்ச்சைக் கழற்றுதல்

இது வரை எதுவும் அகப்படவில்லை என்றால் கோளாறு வார்மில் அல்லது பம்ப்பில்.

பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தபடி பிளக் துளை வழியே பாருங்கள். பிஸ்டன் மேலேறி, சைலன்சர் பக்கத் துளையை மூடித் தாண்டிய பிறகு, ஒரு பழைய ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரு முழ நீளம் மடக்கி மடக்கி உள்ளே விடுங்கள், நுனி வெளியே இருக்கட்டும். துளை மூடும் முன் விட்டால் கயிறு அதில் நுழைந்து பிஸ்டன் விளிம்பில் நசுங்கும். ஸ்குரூ டிரைவரை விட்டு பிஸ்டனை நிறுத்துவது அதன் தலையில் ஓட்டை போடும் வேலை.

கிளட்ச் லெஃப்ட் திரெட். கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். கிளட்ச்சின் மேலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள். இது தெரியாமல் மறுதிசையில் நீளக் குழாய் மாட்டி அழுத்தி கிரேங்க் மரையைச் சாகடிப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. நடுவில் அறுகோணம் இருந்தால் 19 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், இல்லையென்றால் அந்தக் கிளட்ச்சுக்கு உரிய டூல். உளியை வைத்து ஷூவை அடித்தால் ஷூ உடையும் அல்லது ஸ்பிரிங் காது கழலும்.

சீன 52, 58-ல் கிளட்ச் வெளியே, டிரம் அதற்குப் பின்னால். கிளட்ச் வந்ததும் வாஷர், டிரம், ஊசி பேரிங், வார்ம் என்று வரிசையாக வரும். ஸ்டில் எம்.எஸ். 170, 180-ல் டிரம் வெளியே. முதலில் ஒரு சின்ன இ-கிளிப்பைக் கழற்ற வேண்டும். அது துள்ளிப் பறக்கும் பொருள். மேலே ஒரு துணியைப் போர்த்தி எடுங்கள், மணல் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். வந்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்னை அறுக்கும் மெஷின் என்றால் இங்கேதான் நார் சுருண்டு கிடக்கும். வார்முக்கும் கேசுக்கும் நடுவே இறுகி, கம்பிக் கையை வெட்டிலிருந்து வெளியே தள்ளியிருக்கும். அதை எடுத்தாலே சரியாகிவிடும் கேஸ்கள் இருக்கின்றன.

வார்மை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பிக் கை உடைந்திருக்கலாம், வளைந்திருக்கலாம். பிளாஸ்டிக் வார்ம் என்றால் பல் உருகி மொழுமொழு என்று இருக்கலாம். உருகியிருந்தால் புது வார்ம் போடுவதோடு விடாதீர்கள். அவ்வளவு சூடு கிளட்ச்சில் ஏன் வந்தது? பிரேக் விழுந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரை அழுத்துவதும், மழுங்கிய செயினை மரத்தில் முட்டுக்கொடுத்து கிளட்ச்சை வழுக்கவிடுவதும்தான் காரணம். அதை மாற்றாவிட்டால் புது வார்மும் அடுத்த சீசன் வராது. பித்தளை அல்லது இரும்பு வார்ம் அதே மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்கலாம். ஆனால் பல் எண்ணிக்கையும் சாய்வும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

டிரம்மின் வெட்டையும் தடவிப் பாருங்கள். விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் கை வழுக்கும். ஸ்ப்ராக்கெட் பல்லும் தேய்ந்திருக்கிறது என்றால் டிரம்மோடு சேர்த்தே மாற்றிவிடலாம்.

பம்ப்பே போயிருந்தால்

பம்ப் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். சீன மாடலில் ஆலன், ஸ்டில்லில் டி27 டார்க்ஸ். எடுத்ததும் அதன் கியரை விரலால் சுழற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும், சுற்றும்போதே உள்ளிருக்கும் பிளஞ்சர் (ஆயிலைத் தள்ளும் தண்டு) முன்னும் பின்னும் அசைவது தெரிய வேண்டும். பிளஞ்சரின் ஒரு முனையில் சரிவாக ஒரு விளிம்பு இருக்கும். அது அட்ஜஸ்ட் ஸ்க்ரூவின் முனையில் உரசிக்கொண்டு சுற்றுவதால்தான் முன்பின் அசைவு வருகிறது. எவ்வளவு தூரம் அசைகிறதோ அவ்வளவு ஆயில்.

உள்வரும் நிப்பிளில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி ஆயில் கிண்ணத்தில் விட்டு, வெளிவரும் துளையை மேலே வைத்து கியரைச் சுற்றிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் துளையில் ஆயில் ஊறி நின்றால் பம்ப் நல்ல பம்ப். அதைத் திரும்ப மாட்டிவிட்டு, பம்ப்பிலிருந்து பார் வரை போகும் வழியில் ரப்பர் சீல் நசுங்கியிருக்கிறதா, கேசில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வழியைப் பம்ப் வெளியே இருக்கும்போதே பஞ்சர் கடைக் காற்றால் ஊதிவிடலாம். பம்ப் உள்ளே இருக்கும்போது 100 பி.எஸ்.ஐ. காற்றை அடிப்பது சீலைத் தள்ளிவிடும்.

கியர் பல் மொட்டையாகியிருந்தாலோ பிளஞ்சர் தேய்ந்து ஆடினாலோ பம்ப்பை முழுதாக மாற்றுங்கள். தேய்ந்த பிளஞ்சருக்குத் தனி உருப்படி தேடி அலைவது வீண். பிளஞ்சர் இறுகி நின்றிருந்தால் மட்டும் அவசரம் வேண்டாம். டீசலில் ஒரு இரவு ஊறப்போட்டால் பல பம்ப்புகள் உயிர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயன்படுத்திவிட்டு அடுத்த மழை வரை பரணில் போட்ட மெஷின்களில் இதுதான் நடக்கிறது. தானே (2011), ஃபெஞ்சல் (2024) மாதிரி ஒரு புயல் அடித்த மறுநாள், விழுந்த மரத்தை அறுக்க இறக்கும்போதுதான் உள்ளே ஆயில் கோந்தாகிக் கிடப்பது தெரியும்.

புதிய பம்ப்பை மாட்டும் முன் அதன் வாயில் ஆயில் கேனால் பத்துச் சொட்டு விட்டுக் கியரைச் சுற்றி நனைத்துவிடுங்கள். காய்ந்த பம்ப் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும், முதல் ஒரு நிமிடம் வீணாகும், நீங்களும் பம்ப் சரியில்லை என்று திரும்பக் கழற்றுவீர்கள். ஸ்க்ரூவை அளவோடு இறுக்குங்கள், பல மாடல்களில் கேஸ் மெக்னீசியம் கலவை, மரை சுலபத்தில் போய்விடும்.

திரும்ப மாட்டும்போது

வார்மின் பல்லில் துளி கிரீஸ், ஊசி பேரிங்கில் துளி கிரீஸ். அதிகம் வைத்தால் கிளட்ச்சில் தெறித்து வழுக்கும்.

டிரம்மைப் போட்டபின் கையால் சுற்றுங்கள். ஒரு இடத்தில் "டிக்" என்று கம்பிக் கை வெட்டில் விழுந்து, அதன் பிறகு டிரம்மோடு வார்மும் சேர்ந்து சுற்றும். அது விழாமலே கிளட்ச்சை இறுக்கினால் கை நசுங்கி வளைந்துவிடும், முதல் நாளே மறுபடியும் ஆயில் நிற்கும். இந்த ஒரு இடத்தில் நேரம் செலவழித்தால் போதும்.

கிளட்ச்சை இடப்பக்கம், அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இறுக்க வேண்டும். முன்பு விட்ட கயிறு இப்போது சரிப்படாது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்று இறங்கிய நிலையில் திரும்ப விடுங்கள், அப்போதுதான் எதிர்த்திசைத் திருகலுக்குத் தடையாக நிற்கும். பலம் கொண்ட மட்டும் இறுக்க வேண்டாம், ஓடும்போது கிளட்ச் தானாகவே இறுகும். கயிற்றை உருவிவிட்டு பிளக் போடுங்கள். கயிற்றை மறந்து ஸ்டார்ட்டரை இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்த ஆயில்

நம் பக்கம் பாதி மெஷின் ஓடுவது லாரி ஷெட்டில் வாங்கிய கழிவு ஆயிலில். அதில் இருக்கும் இரும்புத் தூளும் கரியும் பம்ப்பின் பிளஞ்சரைத் தேய்க்கும், ஃபில்டரை அடைக்கும். செயினிலிருந்து தெறிக்கும் ஆயில் கையிலும் முகத்திலும் படும், மூச்சிலும் போகும். கழிவு ஆயில் தோலுக்கும் உடம்புக்கும் கெடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. மிச்சப்படும் காசு ஒரு பாருக்குக் கூட வராது.

பார் ஆயில் என்றே விற்பதில் ஒட்டிக்கொள்ளும் கலவை இருக்கும், நுனியில் திரும்பும்போது பறந்துபோகாது. கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காத இடத்தில் புது 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் நீளமான பார் போட்டிருந்தால் 20டபிள்யூ-50. டீசல் கலந்து நீர்க்க விட வேண்டாம், நன்றாக வருவது போலத் தெரியும், செயினில் நிற்காது.

சமையல் எண்ணெய் ஊற்றுவோரும் உண்டு. உடனே பயன்படுத்தித் தீர்த்தால் ஆபத்தில்லை. டேங்க்கில் மாதக்கணக்கில் விட்டால் காற்றில் பிசினாகிப் பம்ப்பை ஒட்டிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் புதுச்சேரியில் அந்தக் குளிர் உண்டு, மெஷினில் ஒரு கோளாறும் இல்லாமலே ஆயில் வராது.

அளவு வைத்தல்

மெஷினின் அடியில், கிளட்ச் பக்கமாக ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தால் அதுதான் ஆயில் அட்ஜஸ்ட். பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறியோ கோடுகளோ பார்த்துத் திருப்புங்கள். திசை மாடலுக்கு மாடல் மாறும். ஸ்டில் 170, 180-ல் இது கிடையாது, அளவு நிலையானது. 20, 22 அங்குல பாரில் காய்ந்த சவுக்கோ புளியமரமோ அறுப்பவர்கள் அதிகபட்சத்தில் வைத்துவிடலாம். பச்சை முருங்கை போன்ற மென்மரத்துக்கு நடுவில் போதும்.

பழுது பார்த்தபின் அட்டை சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். முதல் டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் ஆயில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பாரை ஒவ்வொரு முறை செயின் தீட்டும்போதும் தலைகீழாக மாற்றிப் போடுங்கள், அப்போதே துளையையும் குத்திவிடலாம்.

மறுநாள் காலை மெஷின் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஆயில் கறை தெரிந்தால் பதற வேண்டாம். பாரிலும் வழியிலும் நின்ற ஆயில்தான் இறங்கியிருக்கும். டேங்க்கே பாதி இறங்கியிருந்தால் ஹோஸ் கழுத்தையோ பம்ப் சீலையோ திரும்பப் பாருங்கள். வெயிலில் வண்டி டிக்கியில் வைத்த மெஷின் ஒழுகுவது மட்டும் வேறு கதை: டேங்க் சூடேறி உள் அழுத்தம் ஆயிலைத் தள்ளுகிறது. ஏற்றும் முன் மூடியை ஒரு முறை திறந்து மூடிவிட்டு, நிழலில் வையுங்கள்.